கிளாரா அக்கா சொன்ன வசனங்கள்

நேற்று ஒரு கடையில் நகப்பூச்சு நெடி மூக்கில் ஏறியதும் நாங்கள் அப்போது குடியிருந்த லோத்குண்டாவில் கிளாரா அக்காவின் ஓட்டுவீடு நினைவுக்கு வந்தது. இப்போது அங்கே அடுக்குமாடிக் கட்டடம். மத்தியானங்களில் கேபிளில் பழைய ஹாலிவுட் படம் ஓட, பக்கத்து வீட்டுக்காரரான கிளாரா அக்கா நகத்துக்குச் சிவப்பு பூசிக்கொண்டே, இங்கிலீஷ் தெரியாத அம்மாவுக்குத் தமிழில் வசனம் சொல்லுவார். நிஜத்திலும் ஜென்மப் பகையான இரண்டு நடிகைகள் சேர்ந்து நடித்த படங்கள்தான் இருவருக்கும் உயிர். பொன்முடிக்காரி அக்காவின் கட்சி, கருங்கூந்தல்காரி அம்மாவின் கட்சி. ஆனால் எந்தச் சண்டையிலும் அம்மாவின் ஆள்தான் தோற்பாள்.

"இவ்ளோ நேரம் பேசினாளே, என்னக்கா சொன்னா?"

"நக்கோ, ஒண்ணுமில்லடி, சும்மா அழுவுறா."

அக்கா வசனத்தை மாற்றிச் சொல்கிறாரோ என்று அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பஸ் பலகைகூடப் படிக்கத் தெரியாதவள், என் இங்கிலீஷ் பாடப்புத்தகங்களை அடுப்படியில் விரித்துவைத்து, குக்கர் விசிலுக்கு மேலே குரலை உயர்த்தி, மாதக்கணக்கில் விடாமல் படித்தாள்.

ஒருநாள் திரையில் இருவரும் மாடிப்படியில் மோதிக்கொண்டார்கள்.

"உன் ஆளு மன்னிப்புக் கேக்குறா" என்றார் அக்கா.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இல்லக்கா. 'என் வீட்டை விட்டு வெளியே போ'ங்கிறா."

அக்கா நகப்பூச்சுக் குப்பியை மூடிவைத்தார். பிறகு சிரித்துவிட்டு, "சரிடி, இனிமே உன் ஆளுக்கு நீயே பேசு" என்றார்.

அந்த மத்தியானத்திலிருந்துதான் சண்டை நிஜமாக ஆரம்பித்தது.