கீழ்வரிசைப் பல்லும் ஒரு விற்பனை ஒப்பந்தமும்

பல்லக்காவின் வாயில் இருப்பது எல்லாம் சொந்தப் பல். ஆனால் அந்தத் தெருவில் பாதிப் பேர் சிரிப்பது அவள் கட்டிக்கொடுத்த பல்லால்தான். மாடிப்படியை ஒட்டிய வாடகை அறை அவளுடைய பட்டறை. அலமாரி முழுக்க வாடிக்கையாளர்களின் வாய் அச்சுகள் இளித்துக்கொண்டிருக்கும். அறை பெரிதல்ல, ஜன்னல்தான் பெரிது. காலை வெளிச்சத்தில் ஆளை அங்கே உட்காரவைத்து, மாதிரிப் பல்லை உதட்டருகே பிடித்து நிறம் பார்ப்பாள். விளக்கொளியில் தேர்ந்தெடுத்த பல் வெயிலில் சுண்ணாம்பாகத் தெரியும் என்பது அவள் கட்சி.

அந்த அறையை அவளுக்கே விற்பதாக வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதி, முன்பணமும் வாங்கினார். பிறகு தன் மச்சான் அதே அறைக்குக் கூடுதல் விலை சொன்னதும், பண உறையோடு வந்து நின்றார்.

"இந்தாம்மா உன் பணம். கணக்கு தீர்ந்துச்சு."

பல் போனால் சொல் போகும் என்பார்கள். இந்த மனுஷனுக்கோ கொடுத்த சொல்லே போய்விட்டது.

உறையைத் தொடாமல் பல்லக்கா வக்கீலிடம் ஓடினாள். அந்த வக்கீல் கோர்ட்டில் வாதாடுவதே அவள் கட்டிய பல்லை வைத்துத்தான்.

"வாங்கிடாதம்மா. வாங்கினா நீயே ஒப்பந்தத்த முடிச்சுக்கிட்டேன்னு சொல்லிடுவாங்க. பணமும் நஷ்டஈடும் கேக்கலாம். இல்ல, ரூமையே எழுதிக்கொடுன்னு கோர்ட்டுல கேக்கலாம். ஆனா உன் பக்கத்து வேலைய முடிக்க நீ எப்பவும் தயாரா இருக்கணும்."

"எனக்கு ரூம்தான் சார் வேணும். அந்த ஜன்னல எந்தக் கடையில போய் வாங்குவேன்?" என்றாள். வீட்டுக்காரருக்கு வக்கீல் நோட்டீஸ் போனது.

அடுத்த வாரம் வீட்டுக்காரரே படியிறங்கி வந்தார். சண்டைக்கு அல்ல. மேல்வரிசைப் பல்லை அவளிடம்தான் கட்டியிருந்தார். கீழ்வரிசைக்கும் முன்பணம் கொடுத்திருந்தார். கோபத்தில் மறந்தது பசியில் ஞாபகம் வந்திருக்கிறது.

"என் பல்லு எங்கம்மா?"

பல்லக்கா ஓர் உறையை எடுத்து நீட்டினாள். "இந்தாங்கய்யா உங்க பணம். கணக்கு தீர்ந்துச்சு."

"பணத்த வெச்சுக்கிட்டு நான் எப்படிக் கடிக்கிறது? எனக்குப் பல்லுதான் வேணும்! பேசினா பேசினபடி நடந்துக்கணும்!"

"அதையேதான்யா நோட்டீஸ்லயும் எழுதியிருக்கோம்."

வீட்டுக்காரர் நீட்டிய உறையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து முழித்தார்.

அவர் முழிப்பதைப் பார்க்க அவளுக்கே பாவமாகிவிட்டது. மேசைமேல் இருந்த கிண்ணத்தின் மூடியைத் திறந்தாள். தண்ணீருக்குள் கீழ்வரிசை தயாராகக் கிடந்தது.

"என் பக்கத்து வேலைக்கு நான் எப்பவும் தயாரா இருக்கணும்னு வக்கீல் சொல்லியிருக்காரு. வாங்க, ஜன்னல்கிட்ட உக்காருங்க."

பல்லைப் பொருத்திவிட்டுக் கண்ணாடியைக் கொடுத்தாள். வெளிச்சத்தில் அவர் இப்படித் திரும்பிப் பார்த்தார், அப்படித் திரும்பிப் பார்த்தார். கட்டிய பல் என்று யார் சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. ஜன்னலையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"மச்சான்கிட்ட நான் பேசிக்கிறேன்," என்றார் தரையைப் பார்த்து. "பத்திரம் பதிய என்னைக்குப் போகலாம்?"

"இன்னைக்கே," என்று செருப்பை மாட்டினாள் பல்லக்கா. "பல்லு இருக்கும்போதே."