முந்திக்கொண்ட ஆசீர்வாதம்

மொலேனி இருபது வருஷமாகக் குடியை எதிர்த்துப் பிரசங்கம் செய்து வந்தார். வவாவுத் தீவில் அவர்கள் ஊர்ச் சபைக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் போதகர் வருவார்; மற்ற ஞாயிறுகளை உபதேசியார்கள் பார்த்துக்கொள்வார்கள். யாருக்கு எந்த ஞாயிறு என்று அட்டவணை அச்சாகி வரும். அதில் பெயர் இருப்பவருக்கு ஊரில் தனி மரியாதை. மொலேனிக்கு அது கொஞ்சம் தலைக்கேறியிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அக்காள் மகள் ஸிலியா கல்யாணமாகாமல் கர்ப்பமானபோது, இராப்போஜனத்தில் பங்குபெறுகிறவர்கள் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டதைப் பீடத்தில் நின்று வாசித்தவர் அவர்தான். அங்கே அக்காள் பிள்ளை தாய்மாமனுக்கு ஒரு படி மேல். மாமன் வீட்டில் அவள் எதை எடுத்தாலும் ஏனென்று கேட்கக்கூடாது. அப்படியிருந்தும் மனுஷன் குரலைக்கூடத் தாழ்த்தாமல் வாசித்தார்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு சனிக்கிழமை கல்யாண வீட்டில் அவரே பழச்சாராயம் குடித்தார். பெரிய காரணம் ஒன்றுமில்லை. கொடுத்தார்கள், குடித்தார், இன்னும் கேட்டார். மறுநாள் காலை அவருடைய முறை. கோயிலுக்குப் போகும்போது அவர்கள் மரியாதைக்குக் கட்டும் பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு எப்படியோ பீடம் ஏறிவிட்டார். முதல் பாட்டை அறிவிக்க வேண்டிய இடத்தில் இரண்டு கைகளையும் தூக்கி, ஆராதனை முடிவில் சொல்லும் ஆசீர்வாதத்தை முழுசாகச் சொன்னார். பழகிய வாய்களெல்லாம் ஆமென் என்றன. அப்புறம் படியிறங்கும்போது விழுந்தார்.

ஒரு வருஷத்துக்கு அட்டவணையில் பெயர் கிடையாது என்றார்கள். அது நியாயம்தான். காவா என்ற வேர்ச்சாற்றைக் குடிக்க ஊர் ஆண்கள் கூடும் வட்டம் அதைவிடக் கொடுமை.

"எந்திரிங்கப்பா, அண்ணன் வந்துட்டாரு. ஆராதன முடிஞ்சிருச்சு!"

"ஏண்ணே, சாப்பாட்டுலயும் முதல்ல ஏப்பம் விட்டுட்டு அப்புறம்தான் சாப்பிட உக்காருவீங்களா?"

அவர் அங்கே போவதை விட்டார். சாராயத்தை அதன்பின் தொடவில்லை. ஆனாலும் மனம் தேறவில்லை. ஊர் அட்டவணையைப் போல மேலேயும் ஒன்று இருப்பதாகவும், அதிலும் தம் பெயரை அடித்தாகிவிட்டது என்றும் நம்பினார். வருஷம் முடிந்து புது அட்டவணையில் பெயர் வந்தபோது போதகரிடம் போய் நின்றார்.

"வேற யாரையாவது போடுங்க ஐயா. மன்னிப்பு உண்டுன்னு இருபது வருஷம் ஊருக்குச் சொன்னேன். எனக்கும் உண்டுன்னு சொல்ல வாய் வரல."

"அச்சடிச்சாச்சே மொலேனி," என்றார் போதகர். "சனிக்கிழம வரைக்கும் யோசிங்க."

சனிக்கிழமை மத்தியானம் அவர் வள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். ஸிலியா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக அவர் தோட்டத்துக்குள் போய், ஒரு கட்டு சேம்பிலை அறுத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன மாமா, நாளைக்குப் பீடம் ஏறமாட்டீங்களாமே?"

"எந்த முகத்த வச்சுக்கிட்டும்மா ஏறுறது? அன்னைக்கு ஊரே சிரிச்சுது."

"நானும்தான் சிரிச்சேன்." அவள் சேம்பிலையைக் கீழே வைத்தாள். "ஆனா உங்களுக்கு ஒண்ணு தெரியாது. நீங்க என் பேர வாசிச்சதுலேர்ந்து, கடைசிப் பாட்டு ஆரம்பிக்கும்போதே எந்திரிச்சுப் போயிருவேன். இருந்து வந்தா வாசல்ல எல்லாரும் பாப்பாங்க. ரெண்டு வருஷம் எனக்கு ஆசீர்வாதமே கிடைக்கல. அன்னைக்கு நீங்க எடுத்த எடுப்புல குடுத்துட்டீங்க. உள்ளதான் இருந்தேன். வாங்கிக்கிட்டேன்."

"குடிச்ச வாயாலம்மா சொன்னேன்."

"அதென்ன மாமா, ஆசீர்வாதம் உங்க வீட்டுச் சொத்தா?"

அவள் போய்விட்டாள். மொலேனி கத்தியைக் கீழே போட்டுவிட்டு அழுதார். சுத்தமான கைக்காகக் கடவுள் காத்திருந்தால் இந்தப் பெண் அன்றும் வெறுங்கையோடுதான் போயிருப்பாள். கடவுள் காத்திருக்கவில்லை. அப்படியானால் தம்மை மன்னிக்கவும் தாம் சுத்தமாகும்வரை காத்திருக்க மாட்டார் என்று, இருபது வருஷம் பிரசங்கம் செய்த அந்த மனிதருக்கு அன்றுதான் முதல்முறையாகத் தோன்றியது. கூடவே வெட்கமும் வந்தது. தம் பெயர் திரும்ப அச்சாகிவிட்டது. அவள் பெயரைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று மூன்று வருஷமாக ஒருவரும், முக்கியமாக அவரும், வாய் திறக்கவில்லை.

ஞாயிறு பீடம் ஏறினார். முன்வரிசையில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாட்டு, ஜெபம், வாசிப்பு எல்லாம் ஒழுங்காக நடந்தன. பிரசங்கத்துக்கு நின்றவர் வேதாகமத்தை மூடினார்.

"இந்த இடத்துல நின்னு ஸிலியா பேர வாசிச்சேன்," என்றார். "விழுந்தவன் நான். ஒரு வருஷத்துல என் பேரு வந்துருச்சு, அவ பேரு இன்னும் வரல. போதகர் வந்ததும் நானே போய்க் கேக்கப்போறேன். ஸிலியா, என்ன மன்னிச்சிரும்மா."

மூடிய வேதாகமத்தை அவர் திரும்பத் திறக்கவில்லை. கடைசி பெஞ்சில் ஸிலியா எழுந்து நின்றாள். அத்தனை தலைகளும் திரும்பின.

"மன்னிச்சாச்சு மாமா," என்றாள் சத்தமாக. "பிரசங்கத்த ஆரம்பிங்க. பிள்ளைக்குப் பசிக்குது."