நாலு மில்லிமீட்டர்

ஆட்டோ ஓட்ட பேட்ஜ் வேண்டும். வீட்டுக்கு வயரிங் செய்ய லைசென்ஸ் வேண்டும். கோர்ட்டில் நிபுணர் சாட்சி என்று கூண்டில் ஏறி நிற்க மட்டும் ஒரு மண்ணும் வேண்டாம். வக்கீல் கூப்பிட்டால் போதும். கட்டட எஞ்சினியராக முப்பது வருஷம் ஓட்டியவன் வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன்.

இதை மாற்ற வேண்டும் என்று எங்கள் எஞ்சினியர்கள் கூட்டத்தில் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். நிபுணர்களுக்கு ஒரு தேர்வு, அங்கீகாரம், நடத்தை விதிகள் எல்லாம் வேண்டும் என்று நானே இரண்டு பக்கம் எழுதி, பிரிண்ட் எடுத்து, கண்டவர் கையிலெல்லாம் திணித்தேன். வக்கீல்களைக்கூட விடவில்லை. வாங்கியவர்கள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள்.

அப்போதுதான் கரமனை வழக்கு வந்தது. அங்கே அக்கிரகாரத்தில் அடுத்தடுத்த இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர் ஒன்றுதான். ஒரு வீட்டை வாங்கியவர் அதை இடித்துவிட்டு, ஃபிளாட் கட்ட பைல் அடிக்க, அதாவது அஸ்திவாரத் தூண்களைப் பூமிக்குள் அடித்து இறக்க ஆரம்பித்தார். பொதுச் சுவர் விரிசல் விட்டது. சுவரின் இந்தப் பக்கம் தனியாக இருந்த அம்மாள், அரசு ஆபீஸில் சூப்பரின்டெண்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். சுவர் போனால் கூரையும் போகும். அவருக்கு வேறு வீடு கிடையாது. பைல் அடிப்பதை நிறுத்தச் சொல்லி கோர்ட்டுக்குப் போனார். அவர் தரப்பு நிபுணர் நான்.

எதிர்த் தரப்பு நிபுணர் அந்தத் தெருப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. தூரத்தில் கழக்கூட்டம் என்ற ஊரில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து, வாட்ஸ்அப்பில் வந்த போட்டோக்களைப் பார்த்து, ‘சுண்ணாம்புப் பூச்சில் வந்த மெல்லிய விரிசல், பயமில்லை’ என்று எளிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். கூடவே தங்க முத்திரை குத்திய ஒரு சர்ட்டிபிகேட். ஆன்லைனில் இரண்டு நாள் வகுப்புக்குக் கொடுத்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் நேரில் போய்ப் பார்த்தவன் என்ற மிதப்பில் கூண்டில் ஏறினேன். எதிர் வக்கீல் என் அறிக்கையைப் புரட்டினார். பூஜை அறை விரிசல், நாலு மில்லிமீட்டர் என்ற வரியில் விரலை வைத்தார்.

“இது ஆராணு அளந்நது, சாறே?”

அளந்தது யார் என்று மலையாளத்தில் கேட்கிறார்.

நடந்தது இதுதான். கூடத்தையும் நடையையும் நானே அளந்தேன். பூஜை அறைக்குச் சமையலறை வழியாகத்தான் போக வேண்டும். நாங்கள் நாஞ்சில் நாட்டுக்காரர்கள். அந்தத் தெருவுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். அந்த வீடுகளில் வேற்று சாதிக்காரன் எதுவரை போகலாம் என்பது என் காலுக்கே தெரியும். சமையலறை வாசலில் நின்றுகொண்டு, விரிசல் அளக்கும் கண்ணாடி அட்டையை அம்மாளிடம் நீட்டி, “நீங்களே வச்சுப் பாத்துச் சொல்லிருங்கம்மா” என்றேன். உள்ளேயிருந்து “நாலு, சார்” என்று குரல் வந்தது. நானும் நாலு என்று எழுதிக்கொண்டேன்.

நான்தான் அளந்தேன் என்ற பொய் நாக்கு நுனி வரை வந்தது. எதிரே பெஞ்சில் அம்மாள் கைப்பையை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் அளந்தார் என்று சொன்னேன்.

வக்கீல் ஃபைலிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். என் இரண்டு பக்கம்! முதல் விதியை நிதானமாக வாசித்தார்: ‘தன் கையால் அளக்காததை நிபுணர் தன் அளவாக எழுதக் கூடாது.’

“இது சாறு எழுதியதல்லே?”

இத்தனை வருஷத்தில் அதை ஒழுங்காகப் படித்தவர் அவர் ஒருவர்தான்.

நீதிபதி அந்த அளவைத் தள்ளிவிட்டார். கோர்ட் நியமிக்கும் கமிஷனர் முன்னிலையில் மூன்று வாரத்துக்குள் மறுபடி அளக்க உத்தரவு; அதுவரை வேலைக்குத் தடை இல்லை. போட்டோ நிபுணரை அன்று யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று வாரமும் பைல் அடித்தார்கள்.

கமிஷனராக வந்த வக்கீலோடு திரும்பப் போனேன். சமையலறை வாசலில் என் கால் தானாக நின்றது. அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

“ஏன் நிக்கறேள்? உள்ள வாங்கோ.”

“இல்லம்மா, உள்ள வரலாமா...”

“நான் எப்ப வராதேங்கோன்னேன்? சிலிண்டர்காரன் வரான், இன்வெர்ட்டர் பாக்கறவன் வரான். அன்னிக்கு நீங்களாத்தான் அட்டையை நீட்டினேள். எஞ்சினியர்மார் வழக்கம் இதாக்கும்னு நெனைச்சேன்.”

வெட்கமாக இருந்தது. உள்ளே போய் அட்டையை வைத்தேன். பத்து. டார்ச்சை அணைத்தால் விரிசல் வழியாக அந்தப் பக்கத்து வெயில் தெரிந்தது.

“மூணு வாரத்துல நாலு பத்தாயிட்டே” என்றேன்.

அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அன்னிக்கே ஏழு, சார். கோர்ட்டுக்குப் போற பேப்பராச்சே, கூட்டிச் சொல்லிட்டேன்னு ஆயிடப்படாதுன்னு குறைச்சுச் சொன்னேன்.”

நானே உள்ளே போய் அளந்து ஏழு என்று எழுதியிருந்தால் பூச்சு விரிசல் என்று எவனும் வாய் திறந்திருக்க முடியாது. அன்றே நிறுத்தியிருப்பார்கள். நாலு அடி தள்ளி நின்று நான் எழுதியதற்கும் கழக்கூட்டத்தில் உட்கார்ந்து அவர் எழுதியதற்கும் என்ன வித்தியாசம் என்று என்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது.

கமிஷனர் பத்து என்று குறித்துக் கையெழுத்துக்கு நீட்டினார். இன்னொரு தடவை அளந்துவிட்டுத்தான் போட்டேன். அம்மாள் சாமி படங்களை ஒவ்வொன்றாகக் கூடத்துக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். இந்த வீட்டில் இனி யாரும் இருக்கக் கூடாது என்று அந்த அளவுக் குறிப்பின் அடியில் நானே எழுத வேண்டியிருந்தது.