தேவகியோடு போன மாநாடுகள்

தேவகி போய்விட்டாள் என்று சித்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது, எங்கள் பால் சென்டரில் நான் இருந்தேன், பால் ஊற்ற வந்த செல்லம்மா இருந்தாள், அவள் மருமகள் பானு இருந்தாள், ஃபேட் பார்க்கும் மிஷினருகே ஏழுமலை இருந்தான். போனை எடுத்தது ஏழுமலை. செல்லம்மா கேனோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யார் அழுதார்கள், யார் அழவில்லை என்பதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. அது இப்போது வேண்டாம்.

தேவகி எங்கள் ஊர் பால் சங்கத்தின் செயலாளர் என்பது உங்களுக்குத் தெரியும். அவளோடு மாநாட்டுக்குப் போனவர்களுக்குத்தான் அவளை முழுதாகத் தெரியும். திருப்பதியில் பால் தொழில்நுட்ப மாநாடு என்று அழைப்பு வந்தால், எங்கள் ஊரில் பாதிப் பேர் காணிக்கையை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டுதான் கிளம்புவார்கள். காலையில் மாநாடு, மத்தியானம் அவர்கள் போடும் சாப்பாடு, அப்புறம் சாமி. தேவகிக்கு மட்டும் அது ஆகாது. "பெருமாள் நாளைக்கும் அங்கேயேதான் இருப்பார். இந்த இஞ்சினீர் சாயங்காலம் ரயிலேறிப் போய்டுவான்" என்பாள்.

முதல் தடவை போனபோது மண்டபத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுப்பிவிட்டாள். "நம்ம மூஞ்சிய நாம தெனம் பாத்துக்கினுதானே கீறோம். அந்தாண்ட போய் குந்து அக்கா." கோபத்தோடு போய்ப் பலமனேர்க்காரர் ஒருவர் அருகில் உட்கார்ந்தேன். எனக்கு வந்த தெலுங்கில் பேச்சுக் கொடுத்தேன். கறந்ததும் மாட்டைப் படுக்க விடாதே, தீவனம் போட்டு நிற்க வை, காம்பு மூடுகிறவரை நிற்கட்டும் என்று அவர் சொன்னார். அதற்கப்புறம் என் கொட்டகையில் மடிநோய் குறைந்தது. மேடையில் அன்று யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

மேடையில் பேசுகிறவர்களிடம் தேவகி மைக்கில் கேள்வி கேட்டதில்லை. டீ கொடுக்கும் இடத்தில் போய் நின்றுகொள்வாள். "மைக்க புடிச்சா ஊருக்குப் பேசுவாங்க. டீ கிளாஸ புடிச்சா நம்மகிட்ட பேசுவாங்க." திரும்பும் பஸ்ஸில் ஆளுக்கு ஒரு புது விஷயம் சொல்ல வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். சொல்ல ஒன்றும் இல்லாதவர்கள், இடம் காலியாக இருந்தாலும் புத்தூர்வரை நின்றுகொண்டுதான் வர வேண்டும். செல்லம்மா எத்தனையோ முறை நின்றிருக்கிறாள்.

போன வருஷ மாநாட்டுக்குத் தேவகி ஒரே ஒரு காரியமாகத்தான் வந்தாள். வெயில் காலத்தில் கரண்ட் போனால் எங்கள் பால், வண்டி வருவதற்குள் திரிந்துவிடும். திரிந்த பாலை வயலில் கொட்டிவிட்டு மாட்டை விற்கப் பேசுகிற வீடுகள் ஊரில் இருந்தன. சூரிய வெளிச்சத்தில் ஓடும் குளிர்தொட்டி ஒன்றை ஒரே ஒரு ஊருக்கு இலவசமாக வைத்துப் பார்க்கப் போகிறோம் என்று ஒரு கம்பெனி இஞ்சினீர் டீ குடிக்கும்போது சொன்னார். தேவகி அவரை விடவில்லை. எங்கள் ஊர் மாடுகளைப் பற்றி, கரண்ட் போகும் நேரத்தைப் பற்றி, எல்லாம் சொன்னாள். அவரும் சரி என்றார். சங்கத் தலைவர் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

தலைவர் முனிரத்தினத்தைக் காணோம். சாப்பாடு முடிந்ததுமே திருச்சானூர்த் தாயாரைப் பார்க்கப் போய்விட்டான். கோயிலுக்குள் போகிறவன் போனை வெளியே கொடுத்துவிட்டல்லவா போக வேண்டும். தேவகி அடித்துக்கொண்டே இருந்தாள். மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. இஞ்சினீர் இருந்து பார்த்தார். கார்வேட்டிநகரம் பக்கத்து ஊர்ச் சங்கத் தலைவர் ஒருவர் அங்கேயே நின்றார். தொட்டி அவர்கள் ஊருக்குப் போனது.

பஸ் ஸ்டாண்டுக்கு முனிரத்தினம் பிரசாதத்தோடு வந்தான். "ஊருக்குன்னுதான் வேண்டிக்கினேன் தேவகி" என்றான்.

அவள் பிரசாதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பஸ் ஏறியதும், "இன்னா மாமா, இன்னிக்கி இன்னா புதுசா கத்துக்கினே?" என்று கேட்டாள். முனிரத்தினம் புத்தூர்வரை நின்றான். எல்லோரும் சிரித்தோம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வெயிலில் பால் திரிந்தது. செல்லம்மா இரண்டு மாட்டை விற்றாள்.

கல்யாணமோ கூட்டமோ, தெரியாத முகத்தின் பக்கத்தில்தான் இன்றும் உட்காருகிறேன். வாய் திறந்து முதலில் நானே பேசுகிறேன். அது தேவகி எனக்கு விட்டுப்போனது.

காரியத்தன்று முனிரத்தினம் எழுந்து, அந்தத் தொட்டிக்காகத் தானும் தேவகியும் சேர்ந்து அலைந்ததாகப் பேசினான். சிலர் தலையாட்டினார்கள். திருச்சானூர்த் தாயார் அவனை மன்னித்திருப்பாள், அது அவள் குணம். நான் மன்னிக்க மாட்டேன், முனிரத்தினம்.