சுருள் கல்லின் உபயதாரர்

எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு பஸ் மாறி அரை நாள் போக வேண்டும். ஆனாலும் மாமா அதைக் கடலோர ஊர் என்றுதான் சொல்வார். "கடலோர ஊருதான் நம்ம ஊரு. கடலு கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு, அவ்வளவுதான்" என்பார். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் அரியலூர்ப் பக்கம் முழுக்கக் கடல் கிடந்தது என்பதும், நல்ல மழை பெய்து ஓடைக்கரை அரித்தால் கல்லாகிப்போன சிப்பியும் நத்தையும் வெளியே வரும் என்பதும் எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை. நாங்கள் பாண்டி ஆடியதே சிப்பிக் கல்லை வைத்துத்தான். அதில் ஒன்றை எடுத்துப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை, மாமாவுக்கு ஒரு நெருக்கடி வரும்வரை.

மாமா என்றால் என் அப்பாவின் அக்காவைக் கட்டியவர். எங்களுக்கு எதிர் வீடு. ஊர் மனமகிழ் மன்றத்துக்கு அவர்தான் செயலாளர். மன்றம் என்று பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். பஞ்சாயத்துக்குச் சொந்தமான ஒற்றை அறை. ஒரு காலத்தில் ஊர் டிவி இருந்த இடம். வீட்டுக்கு வீடு டிவி வந்ததும் அந்த டிவி போய், கேரம் போர்டு வந்தது. இரண்டு செய்தித்தாள், எட்டுப் பத்துப் பெரிய மனிதர்கள், பொங்கலுக்கு ஓட்டப்பந்தயமும் உறியடியும். இவ்வளவுதான் மன்றம். காட்டில் வேலை இல்லாத நாட்களில் மாமா இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, "மன்றத்துக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்புகிற தோரணையைப் பார்த்தால் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கூடக் கொஞ்சம் கூச்சப்படுவார்.

அத்தைக்கு அந்த அறையைக் கண்டாலே ஆகாது. எங்கள் ஊருக்கு ரேஷன் கடை கிடையாது. பக்கத்து ஊர் வரைக்கும் நடந்து போய், வரிசையில் நின்று, அரிசி மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு வர வேண்டும். "எட்டு ஆம்பள ஒக்காந்து வட்டக் காய தள்றதுக்கு ஒரு ரூமு. அத ரேஷன் கடைக்கு வுட்டா ஊருப் பொம்பளையெல்லாம் கழுத்து வலி இல்லாம இருப்பாளுவ" என்பது அத்தையின் கட்சி. ஊர்ப் பெண்கள் எல்லோருமே அந்தக் கட்சிதான். புதிதாக வந்த பஞ்சாயத்துத் தலைவரும் அதில் சேர்ந்துவிட்டார். மன்றத்தால் ஊருக்கு என்ன பிரயோசனம் என்று காட்டினால் ஆயிற்று, இல்லாவிட்டால் அடுத்த மாதம் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மாமாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மன்றத்து வாசலில் புதுப் பலகை தொங்கியது. 'பழங்கடல் பாதுகாப்பு மன்றம்' என்று மாமாவே தன் குண்டு எழுத்தில் எழுதியிருந்தார். ஊரில் கிடக்கிற கல்லையெல்லாம் சேர்த்துக் காட்சிக்கு வைப்பது, திருச்சியிலிருந்து கல்லைப் பற்றிப் படித்தவர் ஒருவரை அழைத்து வந்து பார்க்க வைப்பது, அவர் வாயால் இது ஊருக்குப் பெருமை என்று சொல்ல வைப்பது. இதுதான் திட்டம்.

ஆனால் சும்மா கேட்டால் யார் கல் கொடுப்பார்கள்? கோயிலுக்கு ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தால் வெளிச்சம் பாதி மறைகிற அளவுக்கு 'உபயம்' என்று பெயர் எழுதி மாட்டுகிற ஊர் எங்கள் ஊர். மாமா அதைத் தெரிந்தவர். கல் கொண்டுவருகிற எல்லோருடைய பெயரும் கல்லிலேயே எழுதப்படும் என்று அறிவித்தார். பத்தே நாளில் அறை கொள்ளவில்லை. கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல், கோழிக்குத் தண்ணீர் வைத்த குழிவான கல், துணி துவைக்கிற கல் எல்லாம் வந்து சேர்ந்தன. எல்லாவற்றையும் புளியும் தேங்காய் நாரும் போட்டு, பித்தளைக் குடம் தேய்ப்பதுபோலத் தேய்த்துக் கழுவி, சிவப்பு எனாமல் பெயின்டில் உபயம் இன்னார் என்று எழுதி வரிசையாக அடுக்கினார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. என் பெயரும் ஒரு கல்லில் வந்துவிட வேண்டும் என்று எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. அதுவும் சின்னக் கல்லில் இல்லை, இருப்பதிலேயே பெரிய கல்லில். மூன்று நாள் பள்ளிக்கூடம் விட்டதும் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு முந்திரிக்காட்டுக்குப் பின்னால் இருக்கிற ஓடைக்குப் போனேன். மூன்றாம் நாள், ஓடை வளைகிற இடத்தில், என் இடுப்பு உயரத்துக்குக் கரையில் ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. கொத்தக் கொத்த அது வளைந்துகொண்டே போனது. கடைசியில் சோறு போடுகிற தட்டு அளவுக்கு, ஆட்டுக்கிடாக் கொம்பு சுருண்ட மாதிரி ஒரு கல் வெளியே வந்தது. அதை உரச்சாக்கில் போட்டு வீடுவரை இழுத்து வந்ததில் என் இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்துவிட்டன. அம்மா திட்டினாள். நான் காதில் வாங்கவில்லை.

மாமா கல்லைப் பார்த்ததும் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். "இதாம் பாப்பா நம்ம ரூம காப்பாத்தப் போவுது" என்றார். அறைக்கு நடுவில் ஸ்டூல் போட்டு, அதன்மேல் துண்டு விரித்துக் கல்லை வைத்தார். மறுநாள் திருச்சி மேடம் வருவதாக இருந்தது. பெயரை மட்டும் எழுத வேண்டியது பாக்கி. ஐப்பசி மாதம், ஓயாத தூறல். பள்ளிக்கூடம் விட்டு நனைந்துகொண்டே ஓடிப் போய்ப் பார்த்தால், கல்லில் பெரிதாக வேறு யாரோ ஒரு பெண் பெயர் எழுதியிருந்தது.

"யாரு மாமா இது?"

"என்ன பாப்பா இப்படிக் கேக்குற. ஒங்க அத்தைதான்."

அத்தைக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்கு அவள் அத்தை, அப்பாவுக்கு அக்கா, தெருவுக்கு எதுத்த வூட்டம்மா. மாமா அவளைப் பெயர் சொல்லி அழைத்து யாரும் கேட்டதில்லை. "இந்தா" என்பார், இல்லாவிட்டால் தொண்டையைச் செருமுவார்.

"அவ பேரு ஒண்ணு இருந்தாத்தான் பாப்பா எனக்கு வூட்ல சோறு கெடைக்கும். நாளைக்கு மேடம் வந்துட்டுப் போவட்டும். ஒனக்கு வேற நல்ல கல்லாப் பாத்து எழுதித் தரேன்" என்றார் மாமா, பிரஷைத் துடைத்துக்கொண்டே. நான் வீட்டுக்கு வந்து, சாப்பிட மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அந்த வயதில் எனக்கு நடந்த அநியாயங்களில் அதுதான் பெரிது.

மறுநாள் மேடம் வந்தார். ஒரு தோள் பையும் குடையுமாக பஸ்ஸை விட்டு இறங்கினார். ஏதோ கல்லூரியில் பாடம் எடுப்பவர். மாமா மாலையோடு நின்றார். தலைவரும் வந்து ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அறைக்குள் நுழைந்த மேடம் வரிசையைப் பார்த்தார். சிவப்பு எழுத்துகளைப் பார்த்தார். புளி போட்டுத் தேய்த்த கதையை மாமா பெருமையாகச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே போனது.

"கல்லு மேல பெயின்ட் அடிக்கக் கூடாதுங்க சார். புளி போடவே கூடாது. அத விடுங்க, எந்தக் கல்லு எங்க கெடைச்சதுன்னு எழுதி வச்சிருக்கீங்களா? எந்த ஓடை, எந்தக் கரை, எத்தனை அடி ஆழம்? அது தெரியலைன்னா இது எதையும் வச்சுப் படிக்க முடியாதுங்க."

மாமாவிடம் அப்படி ஒரு குறிப்பும் இல்லை. தலைவர் மெல்லச் சிரித்துக்கொண்டு ஜன்னல் எத்தனை அகலம், ரேஷன் தராசை எங்கே போடலாம் என்று கண்ணால் அளக்க ஆரம்பித்தார். மேடம் ஒரு கல்லை எடுத்துச் சலிப்போடு அதிலிருந்த பெயரை வாசித்தார். பின்னாலிருந்து ஒரு பெரியவர் எழுந்து நின்றார்.

"நாந்தாங்க அது. எங் கொல்லைக்கு மேக்கால கெணறு வெட்டுனப்ப, பத்தடியில வந்துச்சுங்க."

மேடம் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பையிலிருந்து நோட்டை எடுத்தார். அடுத்த கல்லின் பெயரை வாசித்தார். இன்னொருவர் எழுந்து ஏரிக் கலிங்குக்குக் கீழே என்றார். மேடம் கீழேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக எழுந்து இடம் சொன்னார்கள். வராதவர்களை வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கூட்டி வந்தார்கள். கல்லைக் கெடுத்த பெயின்டே கல்லுக்குக் கணக்குச் சொல்லியது. மாமாவின் நெஞ்சு மறுபடி நிமிர்ந்தது, எல்லாவற்றையும் முன்பே யோசித்துச் செய்தவர் மாதிரி.

கடைசியில் நடு ஸ்டூல். மேடம் சுருள் கல்லின் பெயரை வாசித்தார். யாரும் எழவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் தரம் வாசித்தார். "நம்ம ஊருல அப்படி யாரும் இல்லீங்களே" என்றார் ஒருவர். அவர் எங்கள் அத்தை வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர். முப்பது வருஷமாக அத்தை கையால் மோர் வாங்கிக் குடிப்பவர்.

"எங்க வூட்லங்க" என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு.

அத்தையைக் கூப்பிட ஆள் போனது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். கேரம் போர்டு வந்த பிறகு அவள் அந்த அறைக்குள் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. ரேஷன் கடை விஷயமாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, ஒரு பிடி பிடிக்கிற வேகத்தோடுதான் வந்தாள்.

"இந்தப் பேரு நீங்களாம்மா?" என்று மேடம் கல்லைக் காட்டினார்.

அத்தை குனிந்து பார்த்தாள். எழுத்துக் கூட்டித்தான் அவள் படிப்பாள், நேரமாகும். படித்து முடித்த பிறகும் நிமிரவில்லை. பிறகு மாமாவைப் பார்த்தாள். மாமா கூரையைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றாள்.

"இத எங்க எடுத்தீங்க?"

அவள் வாய்க்கு வந்த ஓர் இடத்தைச் சொல்லிவிட்டால் அது நோட்டில் ஏறிவிடும், கல் என்னை விட்டு ஒரேயடியாகப் போய்விடும். கதவோரம் நின்ற என்னை அத்தை கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"நான் எடுக்கலைங்க. எந் தம்பி மவதான் எடுத்தா. கை ரெண்டையும் பாருங்க, கொப்பளம் இன்னும் ஆறல. சொல்லு புள்ள."

நான் முந்திரிக்காட்டிலிருந்து ஆரம்பித்து ஓடை வளைவு, இடுப்பு உயரம், களைக்கொத்து, உரச்சாக்கு வரைக்கும் மூச்சு விடாமல் சொன்னேன். மேடம் அத்தனையையும் எழுதிக்கொண்டார். கண்டெடுத்தவர் என்று என் பெயரையும் எழுதினார். இந்தக் கற்கள் இங்கேயே இருக்க வேண்டும் என்றும், தன் கல்லூரிப் பிள்ளைகளை அழைத்து வந்து காட்டப்போவதாகவும் தலைவரிடம் சொன்னார். தலைவர் தலையைச் சொறிந்தார். பொம்பளைங்களுக்கு ரேஷன் கடை தருவதாக வாக்குக் கொடுத்தாயிற்றே என்றார்.

"கல்லு பாட்டுக்குச் செவுத்தோரமா இருக்கட்டும். செவ்வாயும் வெள்ளியும் இங்கயே ரேஷன் போடுங்க. கேரம் போர்டு வேணா வெளிய போவட்டும்" என்றாள் அத்தை. வேறு யார் சொல்லியிருந்தாலும் பெண்கள் ஒப்பியிருக்க மாட்டார்கள். சொன்னது அத்தை என்பதால் விஷயம் அதோடு முடிந்தது. கல் சேர ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் கல்லையெல்லாம் ஓடையில் கொட்டுங்கள் என்றும் மாமாவையும் சேர்த்துக் கொட்டுங்கள் என்றும் சொல்லிக்கொண்டிருந்தவள் ஏன் இப்படி இறங்கி வந்தாள் என்று மாமாவுக்கே புரியவில்லை. படித்த மேடத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று நான் முடிவு கட்டினேன்.

மேடம் பஸ் ஏறியதும் நான் மாமாவிடம் போய் நின்றேன். அத்தை பெயரை அழித்துவிட்டு என் பெயரை எழுத வேண்டும் என்றேன். மாமா தயங்கினார். "இருக்கட்டுமே பாப்பா. அதுக்குக் கீழ ஒன் பேரையும் எழுதிடுறேன்" என்றார். நான் விடவில்லை. ஒரு கல்லுக்கு எதற்கு இரண்டு பெயர்? மேடம் நோட்டில் எழுதியது யார் பெயரை? நியாயம் முழுக்க என் பக்கம் இருந்தது, கண்ணீரும் கைவசம் இருந்தது. அத்தை வீட்டுக்குப் போய் ஒரு சின்ன பாட்டிலில் மண்ணெண்ணெயும் கிழிந்த துணியும் கொண்டுவந்தாள். "புள்ள எடுத்த கல்லு. அதுக்கு அது பேரே இருக்கட்டும், எழுதிக் குடுங்க" என்று மாமாவிடம் நீட்டினாள்.

கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அத்தையின் பெயரை யார் எங்கே எழுதியிருப்பார்கள்? ரேஷன் கார்டில் மாமா பெயருக்குக் கீழே, வாக்காளர் பட்டியலில் வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில். அதையெல்லாம் எழுதியது சர்க்கார். எனக்கு அதற்குப் பிறகு எத்தனையோ இடத்தில் பெயர் வந்துவிட்டது, ஆபீஸ் கதவில்கூட இருக்கிறது. அந்தக் கல்லிலும் இன்னும் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது யாராவது அழைத்துப் போய்க் காட்டுவார்கள். நான் பார்க்கவே வெட்கப்பட்டு நிற்பேன்.

அன்று மாமா துணியை நனைப்பதற்குள் அத்தை கல்லருகே போய், தன் பெயரின் முதல் எழுத்தின்மேல் விரலை வைத்தாள். மழை ஈரத்தில் பெயின்ட் சரியாகக் காயவில்லை. விரல் நுனியில் சிவப்பு ஒட்டிக்கொண்டது. காய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். மாமா தேய்த்து அழித்தார், என் பெயரை எழுத ஆரம்பித்தார். அத்தை மண்ணெண்ணெய் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி எழுத்துவரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். விரலை மட்டும் துடைத்துக்கொள்ளவில்லை. நான் என் பெயரில் புள்ளியெல்லாம் ஒழுங்காக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.