கடுக்காய் மை குடித்த பேனாக்கள்

பேனா வியாபாரத்தில் விரலில் மை படாமல் வீடு போய்ச் சேர்ந்தவன் எவனும் கிடையாது. கடையில் நின்று காலம் தள்ளினவர்களே, உங்களுக்குத்தான் என் பாடு புரியும்! நாற்பதுகளில், உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். தர்மபுரிக் கடைவீதியில் ஒரு காகிதக் கடையில் வேலை பார்த்தேன். சீமைப் பேனா தொட முடியாத விலை. "நாட்டுப் பேனா வரவழைக்கலாங்க, மலிவு, அள்ளிக்கிட்டுப் போவாங்க!" என்று முதலாளியை நச்சரித்து, ஒரு பெட்டி நிறைய வாங்க வைத்தவன் நான்தான். பெட்டி வந்து இறங்கியதும் அவர் சொன்னார்: "பொங்கலுக்குள்ள இது விக்கலைன்னா, பொங்கலுக்கு அப்புறம் நீ வர வேண்டாம்."

சுழி மட்டும்

முதல் கிராக்கி இண்டூர் விவசாயி மாதப்பன். தட்டிலிருந்த பேனாவை ஒவ்வொன்றாக எடுத்தார், பிள்ளையார் சுழி போட்டார், வைத்தார். காகிதம் பூராவும் சுழி! அதை மட்டும் வைத்துப் பேனாவின் குணத்தை எப்படி ஐயா கண்டுபிடிப்பது? அரைமணி நேரம் மன்றாடி ஒன்றை அவர் தலையில் கட்டினேன். நடுவில், "உங்க பேரை எழுதிப் பாருங்க, நிப்பு ஓடறது தெரியும்" என்றதற்குத்தான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"பேரெழுதிட்டா வாங்கித்தான் ஆவணும்பீங்க! எனக்குத் தெரியாதுங்களா?"

வெள்ளைச் சேலை

மிஷன் பள்ளிக்கூடத்து ஞானம்மா டீச்சர் வேறு ரகம். காகிதத்தின் தலையில் சின்னதாக ஒரு சிலுவை, அதன் கீழே முழுப்பக்கம் எழுத்து. பிறகு பேனாவைக் கவிழ்த்து உதறினார். சொட்டு விழுந்தது என் சட்டையில்! அவர் கேட்டது மெல்லிசு நிப்பு. "சண்டைக்காலத்துக் காகிதம் சொரசொரப்புங்க, மெல்லிசு கிழிச்சிடும். தினம் எழுத நடுத்தரம்தான் சரி" என்று எடுத்துக் கொடுத்தேன். எழுதிப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு உச்சி குளிர்ந்தது. பேனாவைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"என் வெள்ளைச் சேலையில ஒரு சொட்டு விழட்டும், உங்களைத்தான் தொவைக்கச் சொல்லுவேன்."

களி கிண்டியது

அந்த வாரமே மாதப்பன் திரும்பி வந்தார். அவர் பேச்சைக் கேட்டு வாங்கின ஊர்க்காரர் மூன்று பேரும் கூடவே. "எழுத மாட்டேங்குதுங்க!" ஒரு பேனாவின் கழுத்தைத் திருகிப் பார்த்தால், உள்ளே கறுப்பாகக் களி மாதிரி என்னமோ!

"பாட்டில் மை எங்கீங்க கெடைக்குது? சித்தேரி மலைக்காருங்ககிட்ட கடுக்காய் வாங்கி, துருப்புடிச்ச ஆணி போட்டு, வூட்ல காய்ச்சினோம். சோக்கான மைங்க!" என்று ஒரு குப்பியையும் பெருமையாக மேஜைமேல் வைத்தார். தொட்டு எழுதுகிற கட்டைப் பேனாவுக்கு அது சரி, இதற்கு ஆகுமா? காப்பிக்கடைக்கு ஓடி வெந்நீர் வாங்கி வந்து, நாலையும் கழற்றி அலசினேன். நாலும் எழுதின! எனக்குக் குதிக்கலாம் போல இருந்தது. முதலாளி கல்லாவிலிருந்து நிமிரவேயில்லை.

"கழுவிக் கழுவி எழுதற பேனாவை எவன்டா வாங்குவான்?"

முதலாளியின் சீமைப் பேனா

பொங்கலுக்கு இரண்டு நாள். பெட்டியில் பாதி அப்படியே கிடக்கிறது. வேலை போச்சு என்றே முடிவுகட்டிவிட்டேன். கடையில் நல்ல கூட்டம். முதலாளியோ தன் சீமைப் பேனாவை மேஜையில் தட்டு தட்டென்று தட்டுகிறார். விஷயம் இதுதான்: எங்கள் கடையிலேயே பாட்டில் மை தீர்ந்துவிட்டது. மாதப்பன் விட்டுப்போன குப்பி வீணாகிறதே என்று மனுஷன் அதைத் தன் பேனாவில் ஊற்றியிருக்கிறார்!

பேனாவைக் கழற்றினேன். மை உறிஞ்சுகிற ரப்பர் பை இறுகி ஒட்டிக்கொண்டு, கிழிந்து கையோடு வந்துவிட்டது. உள்ளே இறுகின மை வெந்நீருக்கும் அசையவில்லை. எனக்கு ஒரு ஆவேசம். குப்பியின் அடியில் களியாய்த் தங்கிய அதே மையை, ரப்பர் பையே இல்லாத ஒரு நாட்டுப் பேனாவில் ஊற்றி, அது அடைத்துக்கொண்டதைக் காட்டி, எல்லார் முன்னாலும் அலசி எழுதிக் காட்டினேன். "எனக்கொண்ணு, எனக்கொண்ணு" என்று கைகள் நீண்டன பாருங்கள்! பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது. முதலாளி எட்டிப் பார்த்துப் பதறிவிட்டார்.

"டேய், எல்லாத்தையும் வித்துத் தொலைக்காதே, எனக்கு ஒண்ணு எடுத்து வை! பொங்கல் கழிச்சு வெள்ளெனவே வந்துடு, இன்னொரு பெட்டிக்குச் சொல்லி அனுப்பணும்."

மலிவில் நல்ல பேனா எது என்று இன்றைக்கு யார் கேட்டாலும், கழற்றி அலசினால் மறுபடி எழுதுகிற பேனாவைத்தான் காட்டுகிறேன், ஏனென்றால் நம் ஜனங்கள் அதற்குள் என்னத்தை ஊற்றுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.