இந்த வரைபடத்தை நம்பித் தோண்டாதீர்கள்

கணினித் திரையில் ஒரு காலிக் கட்டம்; அதற்குள் கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது. மேலே ‘இந்தத் தரவின் குறைபாடுகள்’ என்று தலைப்பு. அதைப் பார்க்கும்போதெல்லாம் நகராட்சி வரைபடப் பிரிவில் எனக்கு அதிகாரியாக இருந்த மேடம் நினைவுக்கு வருகிறார். ஆண்டர்சன்பேட்டைக் கடைக்காரக் குடும்பத்துப் பெண். என்னைவிட வயதில் இளையவர்.

தங்கச் சுரங்கக் காலத்துப் பிளான்களைக் கணினியில் ஏற்றி, மூடிய ஷாஃப்ட்டுகளை, அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் ஆழ்குழிகளை, புள்ளிகளாகக் குறிப்பது என் வேலை. யார் அளந்தது, எப்போது, எவ்வளவு நம்பலாம் என்ற குறிப்பும் கூடவே எழுதவேண்டும். பிளானில் புள்ளி ஓரிடம் என்றால் தரையில் குழி சற்றுத் தள்ளித்தான் இருக்கும். சுரங்கத் தொழிலாளர் கேம்ப்பில் பிறந்த எவருக்கும் இது தெரியும். ஆகவே அந்தக் கட்டத்தில் ‘எல்லாருக்கும் தெரிந்ததே’ என்று எழுதிவிட்டுக் கம்பீரமாக டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் என் நாற்காலியில் மேடம்.

“இன்னா சார், அந்த எல்லாரும் நம்ம ஆபீஸ்லயே குந்திக்கினு இருப்பாங்களா?”

“பொறந்த கொழந்தைய கேளுங்க மேடம், அதுவே சொல்லும்.”

“அப்போ போர்வெல் லாரியயும் அந்தக் கொழந்தையே ஓட்டட்டும்.”

சில வாரங்களில் மாரிகுப்பத்தில் குடிநீருக்குத் துளையிட லாரி வந்தது. ஆட்கள் வேலூர்ப் பக்கம். கையில் என் வரைபடம். செய்தி காதில் விழுந்ததும் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு, தலையைக் காற்றில் விட்டு, ஸ்கூட்டரில் பறந்தேன். “நிறுத்துங்க! நிறுத்துங்க!” என்று கத்திக்கொண்டே போய் இறங்கினால், எஞ்சின் ஓடவே இல்லை. லாரி நிழலில் டிரைவர் பட்டாணி கொரித்துக்கொண்டிருந்தார்.

“இன்னாத்த சார் நிறுத்தறது? இத நம்பித் தோண்டாதே, ஊர் ஆளக் கூட்டினு போய்ப் பாருன்னு மேப்புலயே போட்டுக்குதே. ஆளுக்குத்தான் காத்துனு இருக்கோம். நீங்கதானா அது?”

மேடம் என் வரியை அழித்துவிட்டு இப்படி எழுதியிருக்கிறார். “நானேதான். அதான் இவ்ளோ வேகமா வந்தேன்” என்றேன். முட்புதரை விலக்கியபோது ஷாஃப்ட்டின் உடைந்த காரைச்சுவர் தெரிந்தது. என் புள்ளிக்கு வெகு தூரம். லாரியின் பின்சக்கரத்துக்கு மிகப் பக்கம்.

மேடம் கோலாருக்கு மாற்றலாகிவிட்டார். நான் சொன்ன அந்த ‘எல்லாரும்’ காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். இன்று கழிவுநீர்க் குழாய் வரைபடம். அதே கட்டம், அதே துடிப்பு. ‘பழைய பிளானைப் பார்த்து வரைந்தது. நான் நேரில் பார்க்கவில்லை’ என்று தட்டினேன். வாசித்தால் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, நேரில் பார்க்கக் கிளம்பினேன். இந்த முறை தலையில்.